ஜெலட்டின் கட்டி எதைச் சொல்லும், எதைச் சொல்லாது

சில வருஷங்களுக்கு முன் என் கணினியில் ஒரு சின்ன வீடியோ ஓடிக்கொண்டிருந்தது. வெளிறிய மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டி. இடது பக்கத்திலிருந்து ஒரு துப்பாக்கிக் குண்டு நுழைகிறது. அதன் பின்னால் பலூன் ஊதியது போல ஒரு குழிவு விரிகிறது, சுருங்குகிறது, மறுபடி கொஞ்சம் விரிந்து அடங்குகிறது. நிஜத்தில் இதெல்லாம் 10 மில்லி செகண்டுக்குள் முடிந்துவிடும். அது நான் செய்த சிமுலேஷன். சோதனைக்கூடத்தில் அதிவேகக் கேமராவில் எடுத்த படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாகப் பொருந்தின. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்திருந்த உறவுக்காரர் ஒருவரிடம் காட்டினேன். எனக்கு அண்ணன் முறை. அறுவைச் சிகிச்சை நிபுணர். வெளிநாட்டில் ஒரு போர்ப்பகுதி மருத்துவமனையில் சில வருஷம் வேலை பார்த்தவர். இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார்.

"படம் நல்லா இருக்கு தம்பி. இதுல தசை எங்கே இருக்கு?"

"இது ஜெலட்டின்ணே. தசைக்குப் பதிலா வைக்கிறது."

"சரி. தொடையில குண்டு பட்ட ஒருத்தன் என் மேசையில கிடக்கிறான். இந்தப் படத்தைப் பார்த்துட்டு நான் எவ்வளவு தசையை வெட்டி எடுக்கணும்? இந்தப் பெரிய குழி அளவுக்கா?"

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. பிறகு படித்துப் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதி வைக்கிறேன். வூண்ட் பாலிஸ்டிக்ஸ், அதாவது குண்டு உடம்புக்குள் போனபின் என்ன நடக்கிறது என்ற படிப்பு, வெளியிலிருந்து பார்த்தால் ஆயுதக்காரர்களின் விஷயம் மாதிரி தெரியும். ஆனால் அதில் வரும் ஒரு தப்பான எண் கடைசியில் போய் நிற்கிற இடம் ஆபரேஷன் மேசை.

இரண்டு குழிவுகள்

முதலில் அடிப்படை. குண்டு திசுவுக்குள் போகும்போது இரண்டு விஷயம் நடக்கிறது.

ஒன்று, அதன் முகத்துக்கு நேராக வரும் திசு நசுங்கிக் கிழிகிறது. இந்தப் பாதை அப்படியே நிற்கும். இதை நிரந்தரக் குழிவு என்று சொல்லலாம்.

இரண்டு, அந்தப் பாதையைச் சுற்றியிருக்கும் திசு வெளிப்பக்கமாகத் தள்ளப்படுகிறது. குளத்தில் கல் போட்டால் தண்ணீர் விலகி மறுபடி சேர்வதை நினைத்துக்கொள்ளுங்கள். திசுவும் அப்படித்தான் விலகி, நீண்டு, திரும்பி வருகிறது. இது தற்காலிகக் குழிவு. என் வீடியோவில் பலூன் மாதிரி தெரிந்தது இதுதான்.

நிரந்தரக் குழிவில் இருந்த திசு போனது போனதுதான். தற்காலிகக் குழிவில் இருந்த திசு என்ன ஆகும்? அது அந்த உறுப்பைப் பொறுத்தது. தசையும் நுரையீரலும் இழுத்தால் நீண்டு கொடுக்கும். கல்லீரல் கொடுக்காது, வெடித்துவிடும். மூளை கெட்டியான மண்டை ஓட்டுக்குள் அடைபட்டிருப்பதால் அதற்கு விலக இடமே இல்லை. கல்லீரலின் அடர்த்தியும் தசையின் அடர்த்தியும் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதே குண்டு, அதே வேகம், அதே அளவு விரிவு. ஒன்று பிழைக்கிறது, மற்றொன்று கிழிகிறது.

அண்ணனின் கேள்வி இங்கேதான் உட்கார்ந்திருக்கிறது. என் படத்தில் தெரிந்த பெரிய குழி தற்காலிகக் குழிவு. அதற்குள் இருந்த தசை செத்ததா உயிரோடு இருக்கிறதா என்று படம் சொல்லவே இல்லை.

ஏன் ஜெலட்டின்?

உயிருள்ள உடம்பில் சோதனை செய்ய முடியாது. செய்தாலும் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. அதனால் 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே பதிலிகளைத் தேடினார்கள். ஸ்விட்சர்லாந்தின் பெர்ன் நகரில் இருந்த தியோடர் கோக்கர் இதில் முன்னோடி. தைராய்டு ஆராய்ச்சிக்காக 1909-ல் நோபல் பரிசு வாங்கிய அதே அறுவைச் சிகிச்சை நிபுணர்தான். தண்ணீர் நிரப்பிய பாத்திரங்களிலும் ஜெலட்டினிலும் குண்டு பாய்ச்சிப் பார்த்து, 1895-ல் சின்ன விட்டக் குண்டுகளின் காயங்கள் பற்றி ஒரு நூலே வெளியிட்டார்.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ஈ. நியூட்டன் ஹார்வி வந்தார். மின்மினி மாதிரி ஒளிரும் உயிரினங்களைப் பற்றி ஆராய்ந்தவர். அவர் குழு எஃகு உருண்டைகளைத் தண்ணீரிலும் ஜெலட்டினிலும் மயக்கம் கொடுத்த விலங்குகளிலும் செலுத்தி, அதிவேகப் படங்களும் கணநேர எக்ஸ்-ரேயும் எடுத்தது. தற்காலிகக் குழிவு விரிந்து சுருங்குவதைத் தெளிவாகக் காட்டியவை அந்தப் படங்கள்.

மூன்றாவது பெயர் மார்ட்டின் ஃபாக்லர். வியட்நாம் போரில் அறுவைச் சிகிச்சை செய்தவர். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் லெட்டர்மன் ராணுவ ஆய்வு நிறுவனத்தில் இதற்கென்றே ஒரு சோதனைக்கூடம் நடத்தினார். அவர் பிடிவாதமாகக் கேட்ட கேள்வி ஒன்று: உன் ஜெலட்டின் தசை மாதிரி நடந்துகொள்கிறது என்று உனக்கு எப்படித் தெரியும்?

அதற்கு அவர் செய்ததுதான் இன்றைக்கும் பலர் பின்பற்றும் முறை. எடையில் 10 சதவீத ஜெலட்டின். அதாவது 1 கிலோ பொடிக்கு 9 கிலோ தண்ணீர். 4 டிகிரி செல்சியஸில் குளிர வைக்க வேண்டும். கரைக்கும்போது சூடு 40 டிகிரியைத் தாண்டக்கூடாது, தாண்டினால் அதன் வலு குறைந்துவிடும். கட்டி தயாரானதும் 4.5 மில்லிமீட்டர் விட்டமுள்ள எஃகு உருண்டை ஒன்றை வினாடிக்கு சுமார் 180 மீட்டர் வேகத்தில் அதற்குள் செலுத்த வேண்டும். அது 8.5 சென்டிமீட்டர் ஆழம் போய் நின்றால் கட்டி சரி. ஒரு சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் அந்தக் கட்டி ஆகாது. இட்லி வெந்ததா என்று குச்சி குத்திப் பார்ப்பது மாதிரிதான், கொஞ்சம் செலவான குச்சி.

இந்த அளவு வானத்திலிருந்து வந்ததல்ல. பன்றியின் தொடைத் தசையில் குண்டு போகும் ஆழத்தோடு ஒப்பிட்டுத் தேர்ந்தெடுத்தது. ஐரோப்பியச் சோதனைக்கூடங்கள் சிலவற்றில் 20 சதவீத ஜெலட்டினை 10 டிகிரியில் பயன்படுத்துகிறார்கள். கிளிசரின் சோப்பும் உண்டு. ஜெலட்டினில் தற்காலிகக் குழிவு மூடிக்கொள்ளும், விரிசல்கள்தான் மிஞ்சும். சோப்பில் விரிந்த குழிவு அப்படியே உறைந்து நிற்கும். ஒரே குண்டை இரண்டிலும் செலுத்திப் படம் எடுத்து, எது எதுவென்று சொல்லாமல் காட்டினால், வேறு வேறு ஆயுதம் என்றே பார்ப்பவர் நினைப்பார். சோப்புப் படம் பார்த்து பயப்படுகிறவர்கள், அந்த ஓட்டை உடம்பில் அப்படியே நிற்காது என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

வேகம் என்ற மயக்கம்

அண்ணன் கேட்டது வெறும் சாமர்த்தியக் கேள்வி இல்லை. வியட்நாம் போருக்குப் பின் மருத்துவ எழுத்துகளில் ஒரு நம்பிக்கை பரவியிருந்தது. குண்டு வேகமானது என்றால் ஆற்றல் அதிகம். ஆற்றல் அதிகம் என்றால் சுற்றியுள்ள தசை முழுக்கச் செத்திருக்கும். ஆகவே தாராளமாக வெட்டி எடு.

ஆற்றல் கணக்கு என்னவோ சரிதான். ஏகே-47 குண்டு சுமார் 8 கிராம், வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 715 மீட்டர். எடையில் பாதியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கினால் 2,000 ஜூலுக்குக் கொஞ்சம் மேல். கைத்துப்பாக்கிக் குண்டைவிடப் பல மடங்கு. ஆனால் அந்த ஆற்றல் எங்கே இறங்குகிறது என்பதுதான் விஷயம்.

குண்டு காற்றில் நேராகப் பறப்பதற்குக் காரணம் அதன் சுழற்சி. திசு காற்றைவிட 800 மடங்குக்கு மேல் அடர்த்தியானது. அந்த எதிர்ப்பில் சுழற்சி பத்தாது. கொஞ்ச தூரம் போனதும் குண்டு பக்கவாட்டில் புரளும். புரளும்போதுதான் பெரிய தற்காலிகக் குழிவு உண்டாகிறது. ஃபாக்லரின் அளவுகளின்படி ஏகே-47-இன் முழு உறையுள்ள ராணுவக் குண்டு சுமார் 26 சென்டிமீட்டர் நேராகப் போன பிறகுதான் குறிப்பிடும்படி புரள்கிறது. ஒரு சாதாரணத் தொடையின் தடிமன் அதைவிடக் குறைவு. எலும்பில் படாமல் போனால் குண்டு புரளுவதற்கு முன்பே வெளியே போய்விடும். காயம் கிட்டத்தட்ட கைத்துப்பாக்கிக் காயம் மாதிரியே இருக்கும். 2,000 ஜூலில் பெரும்பகுதி ஆளைத் தாண்டிச் சுவரில் போய் முடிந்திருக்கும்.

"வேகமான குண்டு" என்ற சொல்லை மட்டும் கேட்டுக் கத்தியை எடுக்கிற மருத்துவர் அந்த ஆளின் நல்ல தசையை வெட்டியிருப்பார். நடக்க வேண்டிய கால். அது போனால் திரும்பி வராது.

1980-களில் ஃபாக்லர் மயக்கம் கொடுத்த பன்றிகளின் தொடையில் இதைச் சோதித்தார். தற்காலிகக் குழிவால் தள்ளப்பட்ட தசையில் பெரும்பகுதி வெட்டாமலேயே பிழைத்துக்கொண்டது. 1988-ல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில், இந்தத் துறையில் பரவியிருக்கும் தவறான கருத்துகளை ஒரு கட்டுரையாகவே எழுதினார். அதற்காக எதையும் வெட்டவே வேண்டாம் என்று அர்த்தமில்லை. செத்த தசையை விட்டுவைத்தால் அழுகும், உயிருக்கே ஆபத்து. வெட்ட வேண்டியதைக் காயத்தைப் பார்த்து முடிவு செய், ஆயுதத்தின் பெயரைப் பார்த்து முடிவு செய்யாதே என்பதுதான் பாடம்.

கணினி எங்கே வருகிறது

இப்போ என் பக்கத்துக்கு வருகிறேன். ஜெலட்டின் கட்டியில் ஒரு தடவை சுட்டால் கட்டி போச்சு. ஒவ்வொரு தடவையும் குண்டின் கோணம் கொஞ்சம் மாறும். உள்ளே அழுத்தம் எவ்வளவு என்று எல்லா இடத்திலும் அளக்க முடியாது. கணினியில் இந்தத் தொல்லைகள் கிடையாது. ஒரு விஷயத்தை மட்டும் மாற்றி, மற்றதையெல்லாம் அப்படியே வைத்து, நூறு தடவை ஓட்டலாம்.

வழி இதுதான். கட்டியைச் சின்னச் சின்னக் கனசதுரக் கூறுகளாகப் பிரிப்பது. ஒவ்வொரு கூறுக்கும் நியூட்டனின் விதி. எவ்வளவு அமுக்கினால் எவ்வளவு எதிர்க்கும் என்று அந்தப் பொருளுக்கு ஒரு சமன்பாடு. மிகச் சிறிய நேர அடிகளில் கணக்கை முன்னே நகர்த்துவது. இந்த வகை மென்பொருள்களில் பிரபலமான எல்எஸ்-டைனா, லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் 1976-ல் ஜான் ஹால்குவிஸ்ட் எழுதிய நிரலிலிருந்து வளர்ந்தது. கார் மோதல் சோதனைக்கும் இதே மென்பொருள்தான்.

விலை என்ன என்று ஒரு கணக்குப் போடுவோம். 25-க்கு 25-க்கு 50 சென்டிமீட்டர் கட்டி. 2 மில்லிமீட்டர் கூறுகளாகப் பிரித்தால் சுமார் 39 லட்சம் கூறுகள். 1 மில்லிமீட்டர் என்றால் 3 கோடிக்கு மேல். நேர அடியோ, ஒலி ஒரு கூறைக் கடக்கும் நேரத்தைவிடக் குறைவாக இருக்க வேண்டும். ஜெலட்டினில் ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 1,500 மீட்டர், ஆக 1 மில்லிமீட்டருக்கு ஒரு அடி 0.67 மைக்ரோ செகண்ட். 10 மில்லி செகண்டுக்கு 15,000 அடிகள். கூறின் அளவைப் பாதியாக்கினால் கூறுகள் 8 மடங்கு, அடிகள் 2 மடங்கு, மொத்த வேலை 16 மடங்கு. அதனால்தான் எல்லோரும் கூறைப் பெரிசாக வைக்க ஆசைப்படுகிறார்கள். நானும் பட்டேன்.

என் தப்பு

ஜெலட்டின் கிழிவதைக் கணினியில் காட்டுவது கஷ்டம். சுலபமான வழி ஒன்று உண்டு. ஒரு கூறின் திரிபு ஒரு வரம்பைத் தாண்டினால் அந்தக் கூறையே அழித்துவிடுவது. அந்த வரம்பு எவ்வளவு? சோதனையிலிருந்து நேராக எடுக்க முடியாது. ஜெலட்டின் மெதுவாக இழுத்தால் ஒரு மாதிரி, குண்டு வேகத்தில் இழுத்தால் பல மடங்கு விறைப்பாக நடந்துகொள்ளும். நான் செய்தது என்ன? வரம்பை மாற்றி மாற்றிப் போட்டு, படம் பொருந்தும் வரைக்கும் திருகினேன். பொருந்தியது. பெருமைப்பட்டேன்.

அண்ணன் போனபிறகு ஒரு சந்தேகத்தில் கூறின் அளவைப் பாதியாக்கி ஓட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. மூணு நாள் ஓடி முடிந்தபோது குண்டு பழையதைவிட ஆழமாகப் போயிருந்தது, குழிவின் வடிவமும் மாறியிருந்தது. கூறு சின்னதானதும் திரிபு இன்னும் குறுகிய இடத்தில் குவிகிறது, வரம்பைச் சீக்கிரம் தாண்டுகிறது, கூறுகள் சீக்கிரம் அழிகின்றன. அழிந்த கூறோடு அதன் எதிர்ப்பும் காணாமல் போகிறது. நான் ஜெலட்டினின் குணம் என்று நினைத்த எண், உண்மையில் என் 2 மில்லிமீட்டர் வலையின் குணம்.

இதற்கு வேறு வழிகள் உண்டு. கூறுகளுக்குப் பதிலாகத் துகள்களை வைத்துக் கணக்கிடும் எஸ்பிஎச் முறை ஒன்று. நட்சத்திரங்களைப் பற்றி ஆராய 1977-ல் உண்டாக்கியது, இப்போது ஜெலட்டினுக்கும் உதவுகிறது. அதில் எதையும் அழிக்கத் தேவையில்லை. ஆனால் எந்த முறையானாலும் சில சோதனைகளைத் தாண்டியே ஆக வேண்டும். அளவைப் பாதியாக்கினாலும் விடை நிலைக்கிறதா? ஒரு குண்டுக்குத் திருகிய எண்களை வைத்துக்கொண்டு, அந்த எண்களைத் தொடாமல், வேறொரு குண்டின் பாதையை முன்கூட்டியே சொல்ல முடிகிறதா? இதைச் செய்யாத பொருத்தம், விடையைப் பார்த்துவிட்டுக் கணக்குப் போடுகிற மாதிரி.

அப்புறம் பெரிய விஷயம். இதையெல்லாம் தாண்டினாலும் என் கையில் இருப்பது ஜெலட்டினின் நல்ல மாதிரி. தசையின் மாதிரி ஆகாது. ஜெலட்டின் தசைக்குப் பதிலி, சிமுலேஷன் ஜெலட்டினுக்குப் பதிலி. ஒரு நகலின் நகல். கட்டிக்குத் தோல் கிடையாது, எலும்பு கிடையாது, தசையைப் பிரிக்கும் உறைகள் கிடையாது, ரத்த ஓட்டம் கிடையாது.

பதிலி ஏமாற்றிய கதைகள்

இந்த மாதிரி ஏமாற்றம் எனக்கு மட்டும் நடந்ததில்லை. 1890-களில் கல்கத்தாவுக்குப் பக்கத்தில் டம்டம் ஆயுதச் சாலையில், முனை மழுங்கி விரியும் குண்டை ஆங்கிலேயர்கள் தயாரித்தார்கள். ஜெர்மனியின் டூபிங்கன் பேராசிரியர் ப்ரூன்ஸ் அதன் கொடூரத்தைக் காட்ட சோதனைகள் செய்தார். ஆனால் அவர் சுட்டது டம்டம் குண்டால் அல்ல, ஈயம் அதைவிட அதிகமாக வெளியே தெரியும் வேட்டைக் குண்டால். ஸ்காட்லாந்தின் அறுவைச் சிகிச்சை நிபுணர் ஆக்ஸ்டன் அதைச் சுட்டிக்காட்டினார். 1899 ஜூலையில் தி ஹேக் மாநாடு விரியும் குண்டுகளைப் போரில் தடை செய்தது. அந்தத் தடை நல்லது என்றே நான் நினைக்கிறேன். ஆனால் ஒரு நல்ல முடிவுக்குப் பின்னாலும் தவறான பதிலி ஒளிந்திருக்கலாம்.

இன்னொன்று குண்டு துளைக்காத உடுப்பு. உடுப்பு குண்டை நிறுத்தினாலும் பின்பக்கம் உள்ளே குழியும், நெஞ்சில் இடிக்கும். அதை அளக்க உடுப்புக்குப் பின்னால் சிற்பிகள் பயன்படுத்தும் எண்ணெய்க் களிமண்ணை வைத்துச் சுடுகிறார்கள். அமெரிக்கத் தரத்தில் குழி 44 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. அந்த எண்ணின் வேர் 1970-களில் மயக்கம் கொடுத்த ஆடுகளில் செய்த சோதனைகளில் இருக்கிறது. காலப்போக்கில் களிமண் கம்பெனியின் கலவை மாறிவிட்டது. முன்பு அறை வெப்பத்தில் இருந்த மென்மை வேண்டுமென்றால் இப்போது சூடாக்க வேண்டும். எண் அதேதான், அடியில் இருந்த பொருள் மாறிப்போச்சு. எஃகு உருண்டையைப் போட்டுப் பார்த்துத்தான் இன்றைய களிமண் சரியா என்று முடிவு செய்கிறார்கள்.

அண்ணனுக்குச் சொன்ன பதில்

அப்படியானால் சிமுலேஷன் வீணா? இல்லை. ஒன்றோடு ஒன்றை ஒப்பிடுவதில் அது கெட்டிக்காரன். இந்த உடுப்புக்கும் அந்த உடுப்புக்கும் நெஞ்சில் இறங்கும் அழுத்தம் எவ்வளவு மாறுகிறது, குண்டின் பாதையில் எலும்பை வைத்தால் சில்லுகள் எந்தப் பக்கம் தெறிக்கும், எந்த ஆழத்தில் குண்டு புரளும். இந்தக் கேள்விகளுக்கு எண்ணைவிடப் போக்குதான் முக்கியம். கண்ணால் பார்க்க முடியாததைப் புரிந்துகொள்ளவும், அடுத்து எந்தச் சோதனையைச் செய்வது என்று முடிவெடுக்கவும், அதனால் விலங்குச் சோதனைகளைக் குறைக்கவும் அது உதவும்.

ஆனால் ஒரு குறிப்பிட்ட ஆளின் காயத்தில் எவ்வளவு வெட்டுவது என்று அது சொல்லாது. ஆறு மாதம் கழித்து அண்ணனுக்கு போன் பண்ணி இதைச் சொன்னேன்.

"அண்ணே, அன்னைக்குக் கேட்டீங்களே. அந்தக் குழி அளவுக்கு வெட்டக்கூடாது. என் படத்தை வெச்சு எதையும் வெட்டக்கூடாது."

சிரித்தார். பிறகு அவர்கள் பார்ப்பது என்ன என்று சொன்னார். தசையின் நிறம். தொட்டால் அதன் உறுதி. கிள்ளினால் சுருங்குகிறதா. வெட்டினால் ரத்தம் கசிகிறதா. நாலுக்கும் ஆமாம் என்றால் விட்டுவிடுவார்கள், செத்திருந்தால் எடுப்பார்கள். காயத்தை உடனே தைக்காமல் திறந்தே வைத்து, சில நாள் கழித்துப் பார்த்து, சுத்தமாக இருந்தால் மூடுவார்கள்.

"அப்போ உங்க முறையில சிமுலேஷனே வேண்டாமே?"

"நான் அப்படிச் சொல்லலையே. குண்டு உள்ளே என்ன பண்ணிச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா எங்கே தேடணும்னு தெரியும். எவ்வளவு எடுக்கணும்னு தசைதான் சொல்லணும்."

அந்த வீடியோ இன்னும் என் கணினியில் இருக்கிறது. கோப்பின் பெயரை மட்டும் மாற்றினேன். முன்பு "தொடைக்காயம்" என்று இருந்தது. இப்போது "ஜெலட்டின், 10 சதவீதம், 2 மிமீ வலை".